அட்டைப்பெட்டிகளில் வந்த எம்ஜிபி

பழைய காரைப் பிரிக்கப் போகிறேன், கொஞ்சம் கை கொடுங்கள் என்றால் நண்பர்கள் கூட்டமாக வருவார்கள். ஸ்பானரைக் கையில் எடுத்து, துருப்பிடித்த நட்டு ஒன்று ‘டக்’கென்று விட்டுக்கொடுக்கும்போது கிடைக்கும் சந்தோஷமே தனி. சாயங்காலத்துக்குள் கார் எலும்புக்கூடாக நிற்கும். திரும்பப் பூட்டும் நாளில் கூப்பிட்டால் ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்கு முதுகுவலி. இங்கிலாந்தில் ‘பாதியில் நின்ற வேலை’ என்று விற்பனைக்கு வரும் கார்களில் எத்தனையோ இந்த இரண்டு நாள்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவைதான். நான் வாங்கியதும் அப்படி ஒன்று. 1969ஆம் வருடத்து எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், திறந்த கூரை மாடல். பாடி ஒரு டிரெய்லரில் வந்தது, மீதிக் கார் வாழைப்பழ அட்டைப்பெட்டிகளில் வந்தது.

லண்டனுக்கு வந்து வருடங்கள் ஆனாலும் எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. கணினி வேலைக்காரன். அதனால் நான் சொல்லப்போவது முழுக்க வேலை தெரிந்தவர்களை வைத்து வேலை வாங்கியவனின் அனுபவம்.

ஏன் எம்ஜிபி? ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார் இது. அதனால் உதிரி பாகம் கிடைக்காது என்ற பேச்சே இல்லை. ஒரு வாஷரிலிருந்து முழு பாடி வரை புதிதாக வாங்கலாம். பழைய அச்சுகளை வைத்தே புது பாடியை இன்றும் அடித்துக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் புது பாடியின் விலைக்கு நன்றாக ஓடுகிற எம்ஜிபி ஒன்றையே வாங்கிவிடலாம். எஞ்சினும் எளிமையானது: 1,798 சிசி, நாலு சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க இரண்டு எஸ்யூ கார்புரேட்டர். கம்ப்யூட்டர் கிடையாது. வீட்டில் முதல்முறை கை வைப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்பது என் கட்சி. ஜாகுவார் இ-டைப் அழகுதான். அந்தப் பேச்சை லாட்டரி விழுந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பெட்டிகளைத் திறந்ததும் தெரிந்தது, முந்தைய சொந்தக்காரர் பிரித்த நாளில் கூட்டம் இருந்திருக்கிறது. ஒரே பையில் கதவுப் பிடியும் கிளட்ச் சிலிண்டரும். இன்னொரு பை நிறைய நட்டு போல்ட்டு, எது எங்கே போவது என்று ஒரு குறிப்பும் இல்லை. இந்தக் காரில் அங்குல அளவு மரைதான். அதிலும் நெருக்க மரை, அகல மரை என்று இரண்டு வகை. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். மாற்றி முறுக்கினால் மரை போய்விடும்.

ஆகவே முதல் வேலையாக யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெரியவர் ஒருவரை மட்டும் உட்கார வைத்துக்கொண்டேன். இளம் வயதில் இதே மாதிரி கார்களோடு புழங்கியவர், அங்குல ஸ்பானர் செட்டை வெல்வெட் துணியில் சுற்றி வைத்திருப்பவர். உதிரி பாகம் விற்பவர்களின் கேட்லாக்கில் ஒவ்வொரு பகுதிக்கும் விரித்துப் போட்ட படம் இருக்கும். அந்தப் படங்களை அச்செடுத்து மேசையில் பரப்பி, ஒவ்வொரு பொருளையும் அதனதன் படத்தின் மேல் வைத்துக்கொண்டே வந்தோம். எது இல்லை என்பது தானாகத் தெரிந்துவிட்டது. பிறகு ஒரு பகுதிக்கு ஒரு பை, அதில் பேர் எழுதிய சீட்டு. நீங்கள் முழுக் காராக வாங்கினால் இந்தத் தண்டனை உங்களுக்கு இல்லை. ஆனால் பிரிக்கும்போது ஒரே ஆள், அல்லது ஒருவர் கழற்ற ஒருவர் படமெடுத்துப் பையில் போடும் இரண்டு பேர். அதற்கு மேல் ஆள் வேண்டாம். கூட்டத்தைப் பூட்டும் நாளுக்குச் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது பாடி. எம்ஜிபிக்குச் சேசி என்ற தனி அடிச்சட்டம் கிடையாது, பாடியேதான் சேசி. மேலே கூரையும் இல்லாததால் கதவுகளுக்குக் கீழே ஓடும் இரண்டு சில் பெட்டிகள்தான் காரின் முதுகெலும்பு. வெளித் தகடு, நடுவில் ஒரு தகடு, உள் தகடு என மூன்று அடுக்கு. துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. பலர் பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பூசி விற்றுவிடுவார்கள். கண்டுபிடிக்க ஒரு காந்தமும் ஒரு துணியும் போதும். காந்தத்தைத் துணியில் சுற்றிச் சில் மேலேயும் மட்கார்டின் கீழ் ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள், பட்டி இருக்கும் இடத்தில் ஒட்டாது. அதோடு கதவின் பின் ஓர இடைவெளியைப் பாருங்கள். கீழே அகலமாகவும் மேலே நெருக்கமாகவும் இருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது.

என் கார் தொய்ந்திருந்தது. அதற்குத் துணை, லண்டன் ஹாரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். வெல்டிங்தான் தொழில். 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் போகாத காலத்தில் மொரிஸ் மைனர், ஆஸ்டின் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களில் ஒருவர். கார்புரேட்டரில் சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்களாம். உதிரி பாகம் இல்லாத ஊரில் கார் ஓட்டிய ஆளுக்கு, எதையும் தூக்கிப் போட மனம் வராது. அது சில சமயம் உதவி, சில சமயம் உபத்திரவம். மக்கிப்போன பெட்ரோல் டாங்கை ஈயம் வைத்து அடைக்கலாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். எம்ஜிபியின் டாங்க் டிக்கித் தரைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு இருக்கும். நடுவில் சேறும் ஈரமும் தங்கி மேல்பக்கம்தான் அரிக்கும். புது டாங்க் வாங்கினேன். அண்ணை இன்னும் அதை மன்னிக்கவில்லை.

கிரைண்டரைக் கையில் எடுத்த நான் சில்லை வெட்டப் போனபோது அவர் தடுத்த விதம் நினைவிருக்கிறது. “தம்பி, வெட்டுறது அஞ்சு நிமிசம். அதுக்கு முந்திக் கதவை ஒருக்காப் பூட்டித் திறந்து பாரும். பிறகு வெட்டலாம்.”

அவர் செய்த வரிசையை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் முழுக் காரியமும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. தரை மட்டம் பார்த்து, காரின் எடை அச்சுகளுக்குப் பக்கத்தில் இறங்கும்படி ஸ்டாண்டு வைத்தார். நடுவில் ஜாக்கி கொடுத்துத் தொய்வை மெதுவாக நிமிர்த்தி, கதவு இடைவெளி மேலும் கீழும் ஒன்றாகும் வரை பொறுத்தார். பிறகு கதவு வாசலில் கீல் பக்கத்துத் தூணுக்கும் பூட்டுப் பக்கத்துத் தூணுக்கும் நடுவே சதுரக் குழாய்களை வெல்டு வைத்துப் பிணைத்தார். அதற்குப் பிறகுதான் ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் மட்டும் வெட்டினார். இரண்டு சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டினால் கார் எந்தப் பக்கம் வளையும் என்று யாருக்கும் தெரியாது. புதுத் தகடுகளை முதலில் இடுக்கியிலும் ஸ்க்ரூவிலும் மட்டும் பிடித்து, கதவை மாட்டி மூடிப் பார்த்து, கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்து, திருப்தியான பிறகே வெல்டிங். அதுவும் நீளமாக இழுக்காமல் அங்கொரு பொட்டு இங்கொரு பொட்டாக. ஒரே இடத்தில் சூடேறினால் தகடு நெளியும்.

இன்னொன்று: வெளிச் சில் முன் மட்கார்டுக்குப் பின்னாலும் பின் மட்கார்டுக்கு உள்ளேயும் நீண்டு போகும். மட்கார்டின் கீழ்ப்பகுதியை எடுக்காமல் சில் மாற்றினேன் என்று யாராவது சொன்னால், கண்ணுக்குத் தெரிந்த நடுத்துண்டை மட்டும் மாற்றியிருக்கிறார் என்று அர்த்தம்.

வெல்டிங் நாள்களில் வேலை தெரியாத நண்பருக்கும் ஒரு வேலை உண்டு. அதை நான் மற்ற எல்லா வேலைக்கும் மேலே வைப்பேன். தண்ணீர்ப் புட்டியும் தீயணைப்பானுமாக மறுபக்கம் உட்கார்ந்து தகட்டின் பின்னால் பார்ப்பது. பழைய கார்களின் அடியில் தார் மாதிரி ஒரு பூச்சு இருக்கும், சத்தமில்லாமல் பற்றிக்கொள்ளும். வெல்டு வைப்பவருக்குக் கண்ணாடிக்குள் அது தெரியாது. டாங்க், பெட்ரோல் குழாய், பேட்டரி எல்லாம் முதலிலேயே வெளியே போய்விட வேண்டும். முடித்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போகக் கூடாது. ஒரு மணி நேரமாவது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

அண்ணைக்குக் கூலி? வெல்டிங் அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல, பிழைப்பு. ஒருவரின் பிழைப்புத் தொழிலை நட்பின் பேரில் இனாமாகக் கேட்பது எனக்குப் பிடிக்காது. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. அவர் பட்டறையின் பில் கணக்கையெல்லாம் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டார். நான் சமோசா வாங்கி வைத்த நாள்களைவிட இதுதான் எங்களுக்குள் கணக்கை நேராக்கியது.

எஞ்சினுக்கு வந்தவர் கோவைக்காரர், கல்லூரித் தோழர். அப்பா வைத்திருந்த ஒர்க்‌ஷாப்பில் அம்பாசடர்களுக்கு நடுவே வளர்ந்தவர், இங்கே வங்கி ஒன்றில் மென்பொருள் வேலை. வால்வு மூடியைத் தூக்கிப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “மாப்ள, இது நம்ம அம்பாசடர் எஞ்சினுடா!” அவர் சொன்னது சரிதான். அம்பாசடரில் பல்லாண்டுகள் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்ஜிபியின் 1,798 சிசியும் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். இங்கே ஸ்போர்ட்ஸ் காரில் துள்ளியது, அங்கே டாக்சியில் ஏழு பேரைச் சுமந்தது.

டேப்பட் வைக்க, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்ய, அவருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எட்டு வால்வு, ஒன்பது கணக்கு. முதல் வால்வு முழுதாக அமுங்கி நிற்கும்போது எட்டாவதுக்கு இடைவெளி வை. மூன்றாவது அமுங்கியிருந்தால் ஆறாவது. இரண்டும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. தகடு லேசான பிடிப்போடு உருவி வர வேண்டும், சிக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது. எஞ்சின் வெளியே ஸ்டாண்டில் இருக்கும்போதே நானும் கற்றுக்கொண்டேன்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யவும் இல்லை. பிளாக்கைக் கடைந்து பெரிதாக்குவது, கிராங்க் கடைவது, ஹெட்டில் புது வால்வு சீட் போடுவது இவையெல்லாம் மெஷின் பட்டறை வேலை. இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் 1999 கடைசியோடு நின்றுவிட்டது. அந்த ஈயம்தான் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது. அதற்கு முந்தைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் போட்டுவிடுவது நல்லது. ஹெட் எப்படியும் பட்டறைக்குப் போகும்போதே செய்துவிடலாம். அதேபோல, எம்ஜிபியில் கிளட்ச் மாற்ற எஞ்சினை வெளியே எடுத்தே ஆக வேண்டும். எஞ்சின் வெளியே இருக்கும் நாளில் பழைய கிளட்ச் ‘இன்னும் ஓடும்’ என்று தோன்றினாலும் மாற்றிவிடுங்கள்.

பெயின்டையும் வெளியேதான் கொடுத்தேன். இப்போது அடிக்கும் இரண்டு கலவை பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியும் தனி அறையும் இல்லாமல் வீட்டு கராஜில் அதைத் தொடக்கூடாது. ப்ரைமர் வரை வந்து, தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வேலையை மட்டும் நண்பர்களோடு செய்தோம். அலுப்பான வேலை, ஆனால் பேசிக்கொண்டே செய்யலாம். கூட்டத்துக்கு ஏற்றது இதுதான். பெயின்ட் காய்ந்து வந்ததும் சில் பெட்டிகளுக்குள் மெழுகு பீய்ச்சி அடைத்தோம். அதைத் தவிர்த்தால் அண்ணை செய்த வேலையெல்லாம் சில வருடத்தில் மறுபடி துருவாகிவிடும்.

பூட்டத் தொடங்கினோம். ஒரு நாளைக்கு ஒரு வேலை, அந்த வேலைக்கு ஏற்ற ஆள். அதற்கான புது கேஸ்கெட், நட்டு, கிரீஸ் எல்லாம் முந்தைய இரவே மேசையில். வந்த நண்பர் ஒரு வாஷருக்காக அரை மணி நேரம் சும்மா நின்றால் அடுத்த வாரம் வர மாட்டார்.

ஹீட்டர் பெட்டியை எஞ்சினுக்கு முன்பே மாட்டிவிடுங்கள். அபிங்டனில் ஹீட்டரைக் கூரையில் தொங்கவிட்டு அதைச் சுற்றித்தான் காரைக் கட்டினார்கள் என்று எம்ஜிபிக்காரர்கள் கேலி பேசுவார்கள். எஞ்சின் உட்கார்ந்த பிறகு முயன்று பார்த்தவர்களுக்கு அது கேலியாகத் தெரியாது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் காப்பாற்றிய ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். என் காரில் கம்பிச் சக்கரம். நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, சுத்தியலால் அடித்து இறுக்குவது. சக்கரம் ஏறி உட்காரும் ஹப்பில், இடது பக்கம் ஒரு திசை மரை, வலது பக்கத்தில் எதிர்த் திசை. பெட்டியில் நாலு ஹப்பும் கலந்து கிடந்தன. பெரியவர் மாட்டும் முன் ஒவ்வொன்றிலும் நட்டைக் கையால் சுற்றிப் பார்த்து சாக்பீஸால் குறி போட்டார். அவர் சொன்ன விதி சுலபம்: கார் முன்னே போகும்போது சக்கரம் சுற்றும் திசையில் அடித்தால் நட்டு கழல வேண்டும், எதிர்த் திசையில் இறுக வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் இதே விதி. ஹப் பக்கம் மாறிப் போயிருந்தால் ஓட ஓட நட்டு தானாகக் கழன்று சக்கரம் தனி வழி போய்விடும். பழைய பொருள் விற்கும் சந்தையில் கம்பிச் சக்கர அச்சு வாங்குகிறவர்களும் இதைப் பாருங்கள்.

அன்றிலிருந்து ஒரு சட்டம் வைத்தோம். பிரேக், ஸ்டீயரிங், சக்கரம் இந்த மூன்றிலும் ஒருவர் முறுக்கினால் இன்னொருவர் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் சரிபார்த்து மஞ்சள் பெயின்டால் கோடு இழுக்க வேண்டும். கோடு இல்லாத நட்டு முறுக்காத நட்டு. நட்பில் ‘அவன் முறுக்கியிருப்பான்’ என்ற நம்பிக்கை மிக ஆபத்தானது.

வயரிங்கை எடுத்துக்கொண்டவர் என் மனைவியின் தோழி, மின்னணுப் பொறியாளர். பழைய வயரை ஒட்டுப்போட மறுத்து, புதுக் கட்டு வாங்கச் சொன்னார். பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு மின்பாகம் செய்த லூக்காஸ் நிறுவனத்தின் வண்ணக் கணக்கைச் சுவரில் ஒட்டினார்: பழுப்பு எப்போதும் கரன்ட் உள்ளது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை சாவிக்குப் பிறகு ஃப்யூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த். இந்த நாலையும் மனப்பாடம் செய்தாலே பாதிப் பயம் போய்விடும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே ஓடும் எர்த் பட்டையை அவரே மாட்டினார். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டை விட்டுப்போனால் ஸ்டார்ட்டரின் கரன்ட் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும், கேபிள் புகைந்துவிடும்.

ஸ்டார்ட் பண்ணும் நாளில் யாருக்கும் கல்யாணமும் இல்லை, முதுகுவலியும் இல்லை. பிளக் நாலையும் கழற்றி வைத்துவிட்டு, எண்ணெய் அழுத்த முள் எழும் வரை ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினோம். முள் எழாமல் எஞ்சினுக்கு உயிர் கொடுத்தால் புதுப் பேரிங் அன்றே போய்விடும். சாவி போட்டதும் பின்னால் பெட்ரோல் பம்ப் டிக் டிக்கென்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றது. நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். புது கேம் ஷாஃப்ட் என்பதால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்பிஎம் அளவில் இருபது நிமிடம் ஓடவிட்டார் கோவைக்காரர். எண்ணெய் 20டபிள்யூ50, துத்தநாகச் சேர்க்கை உள்ளது.

இரண்டு கார்புரேட்டரையும் சமன் செய்ய அவர் கேட்டது ஒரு துண்டு ரப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டரின் வாயில். ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் இரண்டிலும் ஒரே சுருதியில் வரும் வரை ஸ்க்ரூவைத் திருகினார். பிறகு மிக்ஸ்சர். கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஊசியளவு தூக்க வேண்டும். எஞ்சின் வேகம் ஏறி ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. கொஞ்சம் ஏறிப் பழைய இடத்துக்கே வந்தால் சரி. மெஷின் வைத்துப் பார்த்தபோதும் பெரிதாக மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சட்ட விஷயம் சுருக்கமாக. கார் பிரிந்து கிடக்கும் காலத்தில் சாலையில் இல்லை என்று வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏவுக்குச் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் அபராதம். 40 வருடம் தாண்டிய காருக்குச் சாலை வரி இல்லை, ஆனால் விண்ணப்பித்து அந்த வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெரிய மாற்றம் செய்யாத கார் என்றால் கார் ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கும் எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை. நான் எடுத்தேன். நாங்கள் எல்லோரும் இந்தக் காரைப் பார்த்துப் பழகிவிட்டோம். முன்பின் பார்க்காத ஒருவர் அடியில் படுத்துப் பார்ப்பது நல்லது. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரித்துவிடும். எத்தனால் தாங்கும் குழாய் போட்டுவிட்டு, விலை கூடுதலானாலும் எத்தனால் குறைந்த இ5 போடுகிறேன்.

செலவைக் கேட்பவர்களுக்கு: இந்தப் பணத்துக்கு யாரோ முடித்து வைத்த எம்ஜிபி ஒன்றை வாங்கியிருக்கலாம், மிச்சமும் இருந்திருக்கும். ஓட்டத்தான் ஆசை என்றால் அதைச் செய்யுங்கள். நாங்கள் கூடியது காரைக் கட்டுவதற்காக.

இன்ஷூரன்ஸை, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்தேன். வேலையின் படங்களும் ரசீதுகளும் அதற்குத்தான் உதவின. ஓட்டுநர் பட்டியலில் கோவைக்காரர் பெயரையும் சேர்க்க வேண்டியிருந்தது, சேர்க்காவிட்டால் விட மாட்டார். பிரீமியம் ஏறியது. ஏறிய தொகையை அவர் தலையிலேயே கட்டிவிட்டேன்.